கொசுறுக் கறிவேப்பிலை

செண்பகவல்லியின் முகம் வாடினால் ஏதாவது ஒரு நாட்டின் நாணயம் சரியும். உலக நிதி நெருக்கடிகளை முன்கூட்டியே கண்டு ரகசியமாக எச்சரிக்கும் பொருளாதார நிபுணர் அவள். அவள் அரிசி கூடுதலாக வாங்குகிறாளா, நடை மாறுகிறதா என்று பங்குச்சந்தை இயந்திரங்கள் தெருக் கேமராக்கள் வழியே பார்த்துக்கொண்டே இருக்கும். விஷயம் கசிந்தால், உதவி போய்ச் சேருமுன் அந்த நாடு கவிழ்ந்துவிடும்.

அன்று பாளையங்கோட்டை மார்க்கெட்டில் அவள் வழக்கம்போல் சிரித்துப் பேரம் பேசினாள். ஆனால் கொசுறுக் கறிவேப்பிலை கேட்காமலே பையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள். கூட வந்த கணவன் மருதப்பன் அதைக் கவனித்துவிட்டான். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதை மறந்ததே இல்லை. எங்கோ ஒரு நாடு தத்தளிக்கிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. மேலே கேமரா மெல்லத் திரும்பியது.

"ஏட்டி, கறிவேப்பிலைய ஒங்க ஐயாவா வந்து கேப்பாரு?" என்று மார்க்கெட்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

அவள் நின்றாள். அவன் கண்ணைப் பார்த்தாள்.

"ஏன், நீங்க கேட்டா வாய் வலிக்குமோ?" என்று சண்டைக்கு வந்து, ஒரு கொத்துக் கறிவேப்பிலையும் இரண்டு பச்சைமிளகாயும் வாங்கிய பிறகே ஓய்ந்தாள். கேமரா வேறு பக்கம் போனது.

மறுநாள் காலை, செய்திகளில் எந்த நாடும் கவிழவில்லை. எதிர்வீட்டு அண்ணாச்சி கேலியாகக் கேட்டார்: "நெருக்கடி வருது வருதுன்னு பாக்குறதுக்கு ஒம் பொண்டாட்டிக்குச் சம்பளம். இத்தன வருசத்துல ஒண்ணுகூட வரலையே மாப்ள?"

மருதப்பன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

"ஆமா அண்ணாச்சி. ஒண்ணுகூட வரல."