ஹால்வர்சன் சாரின் கார்

காலையிலேயே மகனின் பள்ளி பிரின்சிபால் ஹால்வர்சன் காரோடு வாசலில் நின்றதைப் பார்த்து டெனெலுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"பையனுக்குக் காய்ச்சல் சார். இன்னிக்கு லீவு போடலாம்னு..."

"கொஞ்ச நேரம் வந்து உக்காந்தா போதும்மா. பீட்சா வேற உண்டு. நானே திரும்பக் கொண்டுவந்து விட்டுடறேன்."

டெனெலுக்குக் கண் கலங்கியது. கத்துகிறான், கடிக்கிறான் என்று மகன் ட்ரெமெய்னை ஒதுக்காத பள்ளி ஏது? டெட்ராய்ட்டிலேயே தனியார் நடத்தும் இந்த சார்ட்டர் பள்ளிதான் வீடு தேடி வருகிறது!

மறுவாரம் அதே ஹால்வர்சன் கூப்பிட்டு அனுப்பினார்.

"இவனுக்கு எங்க ஸ்கூல் சரிப்படாதும்மா. பக்கத்து கவர்மென்ட் ஸ்கூல்ல தனி டீச்சர் வெப்பாங்க."

அந்த கவர்மென்ட் பள்ளியின் தலைமையாசிரியை மார்வா பெருமூச்சு விட்டார்.

"சேத்துக்கறேன். தனி டீச்சருக்குத்தான் காசில்ல. அவங்களுக்கும் எங்களுக்கும் ஒரே அரசாங்கப் பணம்தாம்மா. அக்டோபர்ல ஒருநாள் தலை எண்ணுவாங்க. அன்னிக்குப் பையன் எங்க உக்காந்திருந்தானோ, அவனோட இந்த வருஷப் பணம் அங்கதான்."

"என்னிக்கு எண்ணினாங்க?"

"போன புதன்கிழமை. பீட்சா குடுத்திருப்பாங்களே?"

ட்ரெமெய்ன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான்.

"என்னைத் தேடி வந்தாரே, அந்த சார் மறுபடி எப்பம்மா வருவாரு?"