சுரங்கம் இல்லாத வழி

“அத்தான், மகள் கல்யாணத்துக்குப் போறீங்களா, இல்ல ஏரியை அளக்கப் போறீங்களா?”

கேட்டது தானிலோ. அவனுடைய அத்தான் ஃபுல்வியோ சாப்பாட்டு மேசை முழுக்க வரைபடத்தை விரித்து, சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார்.

அசோலாவிலிருந்து கல்யாணம் நடக்கிற லிமோனேக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகாது. கார்தா ஏரியின் மேற்குக் கரையோடு, மலையைக் குடைந்த சுரங்கங்களில் புகுந்து புறப்பட்டால் ஊர் வந்துவிடும். ஃபுல்வியோவின் கோடோ கவ்ரியானா குன்றுகளில் ஏறி இறங்கி, கிழக்குக் கரையைப் பிடித்து, மால்செசினேயில் காரைப் படகில் ஏற்றி ஏரியைக் கடந்தது. மொத்தம் நாலரை மணி நேரம்!

“குன்று பூரா திராட்சைத் தோட்டம், அப்புறம் ஏரிக்காத்து. கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும்டா.”

“குளிர்ச்சியாவது, மண்ணாவது. சுரங்கம்னா தொடை நடுங்குதுன்னு சொல்லுங்க!”

“ஆமா, நடுங்குது. இருட்டுன்னா எனக்கு ஆகாது. போதுமா?”

கொஞ்சமும் வெட்கப்படாமல் சொல்லிவிட்டுக் கோட்டைத் தொடர்ந்தார்.

தானிலோவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் அக்கா எர்சிலியா, ஊர் ஆம்புலன்ஸ் தொண்டர்களின் தலைவி. ஆற்று வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நாலு பேரைத் தூக்கி வந்தவள். அவள் அதட்டினால் முப்பது ஆம்பளைகள் வரிசையில் நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவளுக்கு இப்படி ஒரு பயந்தாங்கொள்ளி! இந்த மனுஷனால் இருபது வருஷமாக அவள் மலைப்பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. மகளுக்கு வரப்போகிற மாப்பிள்ளையின் வீட்டைக்கூட இன்னும் பார்க்கவில்லை.

“நீ என்கூட வாக்கா. ரெண்டு மணி நேரத்துல கொண்டுபோய் விடறேன்.”

எர்சிலியா மாவுத் துண்டுகளுக்குள் பூசணிப் பூரணத்தை வைத்து மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவர் போற வழியிலதான் நானும்.”

“மூணு மணிக்குக் கல்யாணம். படகை விட்டா, அப்பா அம்மா இல்லாமத்தான் நோயெமி கோயிலுக்குள்ள நடக்கணும்!”

“அதுக்குத்தானே மூணு ஞாயித்துக்கிழமையா போய்ப் பார்த்துட்டு வந்தேன்” என்றார் ஃபுல்வியோ. “எங்க காபிக்கு நிக்கணும், எந்த ஊர்ல சந்தை வழியை மறிக்கும், படகுத்துறையில எப்ப வரிசைக்கு வரணும், எல்லாம் எழுதி வச்சிருக்கேன். நீ கார்ஞானோ வழியாத்தானே போறே? அந்த மிட்டாய்க் கடையில பாதாம் பெட்டி சொல்லி வச்சிருக்கு. மறக்காம எடுத்துட்டு வந்துடு.”

கல்யாணத்தன்று தானிலோ பதினோரு மணிக்கே லிமோனேயில் இருந்தான். படகுத்துறைக்கு மேலே, ஜன்னலில் கல்யாண உடையோடு நோயெமி.

“மாமா, வந்துடுவாங்களா?”

“உங்க அப்பாவைக் கேளு” என்று முணுமுணுத்தான்.

ஒன்றேகால் மணிக்கு ஏரியின் நடுவிலிருந்து கார் ஹாரன் கேட்டது. விடாமல் அடித்தது. படகின் முன்பக்கம் வெள்ளை ரிப்பன் கட்டிய ஃபுல்வியோவின் சின்ன பாண்டா கார். பக்கத்தில் காற்றில் தலை கலைந்து, கைகளை ஆட்டிக்கொண்டு எர்சிலியா. துறையே கைதட்டியது.

நோயெமி செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

“வந்துட்டேன்டி! எத்தனை அழகு தெரியுமா, வழி முழுக்க!”

எர்சிலியா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். ஃபுல்வியோ ஊரையே ஜெயித்தவர் மாதிரி கைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

“மாமா, பாதாம் பெட்டி எங்க?” என்றாள் நோயெமி.

தானிலோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எவ்வளவு சீக்கிரம் போகிறோம் என்று காட்டுகிற அவசரத்தில் கார்ஞானோவில் காரை நிறுத்தவே இல்லை.

மாப்பிள்ளையின் அம்மா முகம் சுருங்கிவிட்டது. விருந்தாளிக்கு ஐந்தைந்து சர்க்கரை பாதாம் கொடுக்காமல் ஒரு கல்யாணமா? அபசகுனம் அல்லவா!

ஓடிப்போய் எடுத்து வரலாம் என்றால், தானிலோவின் காரைச் சுற்றி இருபது கார்கள். வெளியே நின்றது பாண்டா மட்டும்தான்.

“நான் போறேன்” என்றார் ஃபுல்வியோ.

“நீங்களா? ஏரியைச் சுத்திக்கிட்டு நீங்க திரும்பறதுக்குள்ள பொண்ணுக்கு முதல் குழந்தை பிறந்துடும்!”

கார் கிளம்பிவிட்டது. நோயெமி அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். “அப்பா இல்லாம நான் எப்படிம்மா உள்ள போவேன்?”

“வந்துடுவார்” என்றாள் எர்சிலியா.

வந்துவிட்டார். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. பாதாம் பெட்டியைத் தானிலோ கையில் திணித்துவிட்டுக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டார்.

தானிலோ மனதுக்குள் கணக்குப் போட்டான். அத்தனை சுரங்கம், போகவும் வரவும்! அவன் குரல் உயர்ந்தது.

“அத்தான்! நீங்க... அந்த வழியாவா போனீங்க? உங்களுக்குப் பயமே இல்லையா?”

ஃபுல்வியோ கோயில் வாசலைப் பார்த்தார். எர்சிலியா, கல்யாணத்துக்கு வந்திருந்த முப்பது ஆம்புலன்ஸ் தொண்டர்களை அதட்டி வரிசையில் நிறுத்திக்கொண்டிருந்தாள்.

“மெல்லப் பேசுடா” என்றார். “சுரங்கத்தைப் பார்த்தாலே உங்க அக்காவுக்கு மூச்சு நின்னுடும், அது அந்த முப்பது பேருக்கும் தெரியக் கூடாதுன்னுதான் இருபது வருஷமா நான் பயந்தாங்கொள்ளி.”