மூன்றாவது முகமூடி

பிப்ரவரி மாலை வெயில் பனியில் பட்டுக் கண்ணைக் கூசுகிறது. தேவாலயத்துக்கு முன்னால், ஞாயிறுதோறும் டிவியில் வரும் துப்பறியும் தொடருக்காக, ஊரில் வருடா வருடம் நடக்கும் முகமூடி ஊர்வலத்தை நடிக்க வைத்துப் படம் பிடிக்கிறார்கள். கதையில் முகமூடிக்காரன் ஒருவன் கொலை செய்கிறான். அதனால் அசல் ஊர்வலத்தை நடத்தும் ஊர்ச் சங்கம் தன் மர முகமூடிகளைத் தர மறுத்துவிட்டது. போட்டிருப்பதெல்லாம் பிளாஸ்டிக். வரிசையில் மூன்றாவதாக நிற்பவள் ரோஸ்விதா. அசல் ஊர்வலத்தில் பெண்களுக்கு இடமில்லை. முப்பது வருடமாக ஆண்கள் தோளில் மாட்டும் மணிவாரைத் தைத்துக் கொடுத்துவிட்டு ஜன்னலில் நின்று பார்த்தவள். முகமூடிக்குள் அவள் மூச்சு ஈரமாக அவள் முகத்திலேயே அடிக்கிறது. தோளில் எட்டு மணிகள் கனக்கின்றன. பெண் இயக்குநர் கை காட்டுகிறார். இரண்டு காலடி, ஒரு குதி, இடுப்பை வெட்டி ஒரு குலுக்கல். மற்ற துணை நடிகர்களின் மணிகள் கலகலவென்று சிதற, இவளுடைய எட்டு மணிகளும் ஒரே அடியாக விழுகின்றன. தடுப்புக் கயிற்றுக்கு அப்பால், சங்கத் தலைவனான அவள் கணவன் ஆல்பன் கையிலிருந்த எதிர்ப்புப் பலகையைத் தாழ்த்துகிறான். "அந்த மூணாவது ஆளப் பாரு," என்கிறான் பக்கத்திலிருப்பவனிடம். "நம்ம ஊர்க்காரன்தான். டிவிக்காரனுக்கு விலை போயிட்டான் பாவி. ஆனா என்னமா ஆடுறான். நம்ம பயலுவ ஒருத்தனுக்கும் இப்படி வராது." காட்சி முடிகிறது. மற்றவர்கள் முகமூடியைக் கழற்றி மூச்சு வாங்குகிறார்கள். "டேய், மூஞ்சியக் காட்டுடா," என்று ஆல்பன் கத்துகிறான். அவள் கை தாடைக்கடியிலுள்ள முகமூடி வாரைத் தொடுகிறது. "இன்னொரு தடவ," என்கிறார் இயக்குநர். "வெயில் போகுது, இதுதான் கடைசி." ரோஸ்விதா வாரை இன்னும் ஒரு துளை இறுக்குகிறாள். மணிகளை இரண்டு கையாலும் அணைத்து, ஒன்றுகூட வீணாக ஒலித்துவிடாதபடி, தொடக்கக் கோட்டுக்குத் திரும்பி நடக்கிறாள்.