பெர்க்மான்ஸ் மாதிரி ஒரு கமெண்ட்

போனில் தினமும் ஒரு கமெண்ட் போட்டால்தான் ஆள் உயிரோடு இருப்பதாக அரசாங்கத்தில் கணக்கு. மூன்று நாள் விட்டுப்போனால் மருந்துப் பெட்டி வீட்டுக்கு வராது. பக்கவாதத்தில் பேச்சும் கையும் விழுந்துபோன பெர்க்மான்ஸுக்கு அன்று மூன்றாவது நாள்.

மனைவி லூர்தம்மாள் அவர் போனை எடுத்து, ஒரு பூனை வீடியோவுக்குக் கீழே, "அழகா இருக்கு" என்று அடித்தாள்.

'இது பெர்க்மான்ஸ் எழுதியது போல் இல்லை' என்று திரும்பி வந்தது.

"ஆமா, நீங்க என்னைக்கு எதை அழகுன்னு சொன்னீங்க?" என்று கட்டிலைப் பார்த்துச் சொன்னாள். அவருடைய பழைய சண்டைகளையெல்லாம் படித்துவிட்டு, மறுபடி அடித்தாள்.

"பூனையை ஆட விட்டு வேடிக்கை பாக்குறியே, நீயெல்லாம் மனுசனா?"

உடனே பச்சை எரிந்தது. பெர்க்மான்ஸின் உதடு ஒரு பக்கமாகச் சிரித்தது.

ஐந்து மாதம் மருந்து தவறாமல் வந்தது. பிரியாணியில் திராட்சை போட்டவனைக்கூட அவள் விடவில்லை. அந்த மும்முரத்தில் தன் பெயரில் போட இரண்டு நாள் மறந்துபோனாள். மூன்றாம் நாள், தண்ணீர்மேல் நடக்கும் பூச்சி வீடியோ ஒன்றைப் பார்த்து அவசரமாக எழுதினாள்.

"ஏன் முங்கலன்னு சொல்ல வேண்டாமா? அறிவில்ல?"

'இது லூர்தம்மாள் எழுதியது போல் இல்லை.'

பதறிப்போய்த் தன் பழைய கமெண்ட்டுகளைத் திறந்தாள். யாரோ ஒருத்தி எழுதியவைபோல் இருந்தன. எப்படி எழுதிப் பார்த்தாலும் திரும்பி வந்தது. போனோடு கட்டிலருகே உட்கார்ந்தாள்.

"என்னங்க, நான் எப்படிங்க பேசுவேன்?"

அவருக்குத் தெரியும். வாயைத் திறந்து திறந்து மூடினார்.