கருங்காலிப் பிடி

ஒரே கால்சட்டைப் பையில் மடக்குக் கத்தியும் வீட்டுச் சாவியும் குடியிருந்தன.

கத்தியின் சொந்தக்காரர் தேவசகாயம் முதலில் அதற்குக் கருங்காலியில் புதுப் பிடி போட்டார். பிறகு அலகில் தன் பெயரைப் பொறித்தார்.

“என்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம், பார்த்தாயா?” என்றது கத்தி.

“பார்த்தேன். நேற்று மாங்காயை ஏன் கதவிடுக்கில் வைத்து நசுக்கினார்?” என்றது சாவி.

“சாறு பட்டால் எழுத்து கறுத்துப்போகுமாம்.”

மறுநாள் ஒரு பார்சல் வந்தது. தேவசகாயம் கத்தியை எடுத்து விரித்தார். ஒருமுறை துடைத்துவிட்டு மடக்கி மேசையில் வைத்தார். சாவியால்தான் டேப்பைக் கிழித்தார். உள்ளே மூடி போட்ட வெல்வெட் பெட்டி இருந்தது.

“அது யாருக்கு?” என்றது கத்தி.

பல்லில் சிக்கிய டேப்போடு சாவி பைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது.

“உன் அளவுதான்” என்றது.