கல்லுச் சுமந்தவர்

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் பின்னறையில், வயதுபோனவர்களுக்கு ஆங்கில வகுப்பு நடக்கிறது. காசு வாங்காமல் சும்மா படிப்பிக்கிறார்கள் என்றால் அதற்குள் ஏதோ சூது இருக்கும்; நான் தேத்தண்ணீருக்காக வருகிறேன். குவாத்தமாலாக்காரி மிக்காயேலா, தன் மாயா முன்னோர் கட்டிய பிரமிட்டின் படத்தை மேசையில் வைத்து, அதன் செங்குத்தான படிகளில் விரலை ஏற்றியபடி ஆங்கிலத்தில் பேசுகிறாள். யன்னல் வெயில் படத்தில் பளபளக்கிறது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊர்த் தவராசா மெதுவாகச் சொல்கிறான். "உச்சியில கோயிலாம், அண்ணை. ராசாவும் பூசாரியும்தான் ஏறலாமாம். கல்லுச் சுமந்த சனம் கீழ நிண்டு பாக்கவேணுமாம்." "சுமந்தவனை ஏறவிடாமல் உதென்ன கோயில்? கேடுகெட்ட சனம்" என்கிறேன், பெரிய நியாயக்காரன் மாதிரி. தவராசா தன் பிஸ்கற்றை இரண்டாக உடைக்கிறான். "எங்கட அம்மன் கோயில் மதிலுக்கு என்ர அப்புவும் கல்லுச் சுமந்தவர், அண்ணை." கோபமில்லாமல்தான் சொல்கிறான். ஊரில் தேர்த்திருவிழா அன்று, அவனுடைய தகப்பனான அந்த அப்புவைச் சாதி சொல்லி உள்ளே விடாமல், வாசலில் பொல்லோடு மறித்தவன் நான். அப்புவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பொடியன் இவன். மிக்காயேலாவின் விரல் உச்சியில் நிற்கிறது. பாதிப் பிஸ்கற்றை இவன் எனக்கு நீட்டுகிறான். அன்று பொல்லுப் பிடித்த என் கை மேசைக்கடியில் கிடக்கிறது. மேலே வரமாட்டேன் என்கிறது.