தென்னைமர அட்டை

"என் சம்பளத்துல வரி பிடிங்க சார்."

இதை மட்டும் வாய் தவறியும் கேட்காதே என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே யாழரசியிடம் சொல்லியிருந்தார்கள். ஒரகடத்து ஆலைத் தொழிலாளிகள் எல்லோரையும் குடும்பத்தோடு வரியே இல்லாத ஒரு தீவின் குடிமக்களாகக் கம்பெனி பதிந்திருந்தது. அந்தத் தீவை ஒருத்தரும் கண்டதில்லை.

மேலாளர் நீலமேகம் சிரித்தார். "முழுச் சம்பளம் கைக்கு வருது. கசக்குதாம்மா?"

"அக்காவுக்கு அடுத்த வாரம் பிரசவம். தீவுக்காரிக்குக் கட்டில் இல்லைன்னு அரசு ஆஸ்பத்திரியில துரத்திட்டாங்க. உங்க இன்ஜினியருங்க பாதிச் சம்பளத்தை ஏதோ ஐரோப்பிய நாட்டுக்கு வரியா கட்டுறாங்க. அவங்க புள்ள தும்மினா அந்த நாட்டுச் செலவுல டாக்டர் வாசலுக்கே வர்றாரு."

"தனியார்ல பாரேன்."

"என் மூணு வருஷச் சம்பளம் கேக்குறான்."

"உள்ளூர் வரி கட்டுறவங்களுக்கு இங்க வேலை கிடையாது. தெரியும்ல?"

"தெரியும். யாரோ கட்டின வரியில படிச்சுத்தான் எங்க வம்சத்துல முதல் பட்டம் வாங்கினேன். கடைசிப் பட்டமும் அதுவாயிடக் கூடாது. கட்டில் கிடைக்க வீட்டுல ஒருத்தர் இங்க வரி கட்டினா போதுமாம், காலையிலேயே வரி ஆபீசுல பதிஞ்சுட்டேன். கடைசிச் சம்பளத்துல பிடிச்சுக் கட்டிடுங்க."

கழுத்திலிருந்த, தென்னைமரம் போட்ட தீவு அட்டையைக் கழற்றி அவர் டீ டம்ளர் மேல் மூடியாக வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள்.